எதுகை போட்டும் ஏன் இடிக்கிறது? ராப் வரிகளுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

திருகோணமலையில் ராப் எழுதும் தம்பிமார் தங்கள் வரிகளைக் கொண்டுவந்து காட்டும்போது, பெரும்பாலும் ஒரே முறைப்பாட்டைத்தான் சொல்கிறார்கள்: "எதுகை எல்லாம் போட்டிருக்கு அண்ணா, ஆனா கேக்கேக்குள்ள ஏதோ இடிக்குது." இடிக்கிறது என்பது உண்மைதான், ஆனால் எங்கே இடிக்கிறது என்று தெரியாமல் சொற்களை மாற்றிக்கொண்டே போனால் நல்ல வரியும் சேர்ந்து கெட்டுவிடும். ஆகவே முதலில் பீற்றை, அதாவது பின்னணியில் ஓடும் தாளத்தை, நிறுத்துங்கள். தாளைக் கையில் எடுத்து, தொடையில் நான்கு நான்காகத் தட்டி, வரிகளை வாய்விட்டுச் சொல்லுங்கள். கீழே உள்ள அறிகுறிகளில் எது உங்கள் வரிகளுக்குப் பொருந்துகிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். ஒன்றுக்கு மேற்பட்டவை பொருந்தினால், எழுதியிருக்கும் வரிசையிலேயே சரிசெய்துகொண்டு வாருங்கள். ஏனெனில் முன்னால் உள்ள பிழை தீராமல் பின்னால் உள்ளதைத் தீர்க்க முடியாது.

அறிகுறி: எல்லா வரியும் முடிவில் ஒத்துப்போகிறது, ஆனாலும் சப்பென்று இருக்கிறது

இப்படி எழுதியிருப்பீர்கள்:

காலையில் எழுந்தேன், கரையிலே நடந்தேன்,
வாடியில் இருந்தேன், வலையினைச் சுமந்தேன்.

நான்கு இடத்தில் "ந்தேன்" ஒலிக்கிறது; ஆனால் ஒரு இடத்தில்கூடக் காது நிமிரவில்லை. சோதனை எளிது. ஒலி ஒத்த சொற்களின் வாலை வெட்டிவிட்டு, மிச்சம் இருப்பதை மட்டும் சொல்லிப் பாருங்கள்: எழு, நட, இரு, சும. மிச்சத்தில் ஒரு ஒற்றுமையும் இல்லை. ஒத்தது சொல் அல்ல, விகுதிதான். அந்த விகுதியைத் தமிழ் இலக்கணம் எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்திருக்கிறது. வினை கடைசியில் வரும் மொழியில், "நான்" என்று தொடங்கிய எவரும் "ஏன்" என்றுதான் முடிப்பார்கள். கேட்பவர் அதை முன்கூட்டியே எதிர்பார்த்துவிடுவதால் அதில் வியப்பு இல்லை. பழைய யாப்பு, வரியின் முடிவில் வரும் இயைபை விட, தலையில் வரும் எதுகைக்கும் (இரண்டாம் எழுத்து ஒன்றுவது) மோனைக்கும் (முதல் எழுத்து ஒன்றுவது) பெரிய இடம் கொடுத்ததற்கு இதுவே முக்கியமான காரணம் என்று நான் நினைக்கிறேன்: தமிழ்ச் சொல்லின் வால் ஒரே மாதிரி இருக்கும், தலைதான் சொல்லுக்குச் சொல் மாறும்.

இதனால் வினையில் முடிப்பது குற்றம் என்று ஆகிவிடாது. "நடந்தேன், கடந்தேன், கிடந்தேன்" என்ற மூன்றின் வாலை வெட்டினாலும் நட, கட, கிட என்று டகரம் மிஞ்சுகிறது. அங்கே உண்மையான ஒற்றுமை இருக்கிறது. வாலை வெட்டியபின் எதுவும் மிஞ்சாத வரிகளுக்குத்தான் வைத்தியம் வேண்டும். வினையை வரியின் நடுவுக்குத் தள்ளிவிட்டு, பெயர்ச்சொல்லில் முடியுங்கள். தமிழின் சொல்வரிசை இதற்கு நன்றாக வளைந்து கொடுக்கும்.

வலையில் விடிஞ்ச காலை, என்ர
தலையில் உப்பு, தோளில் வேலை.

இங்கே "லை" நான்கு முறை வருகிறது. வலை, தலை என்று வரித் தலைப்பில் குறிலுக்குப் பின்னால் இரண்டு முறை. காலை, வேலை என்று வரி முடிவில் நெடிலுக்குப் பின்னால் இரண்டு முறை. ஒரே எழுத்துத்தான், ஆனால் முன்னால் நிற்கும் எழுத்தின் அளவு மாறுவதால் ஒன்று படபடவென்றும் மற்றது இழுத்தும் கேட்கிறது. "நான்" என்ற ஆள் எங்கேயும் போய்விடவில்லை. "என்ர" என்ற ஒரு சொல்லில் இருக்கிறார்.

அறிகுறி: எதுகை இலக்கணப்படி சரி, காதில் மங்கலாக விழுகிறது

முதலில் இலக்கணப்படி உண்மையிலேயே சரிதானா என்று பாருங்கள். இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்த எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். முதல் எழுத்தின் அளவும் ஒக்க வேண்டும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என்ற மறுபாதியை மறந்துவிடுகிறார்கள். "மலை", "மாலை" இரண்டுக்கும் இரண்டாம் எழுத்து "லை"தான். ஆனால் மலை ஒரே அசை, நிரையசை. மாலை நேர், நேர் என்று இரண்டு அசை. ஒரு தட்டுக்கு இடையிலான நேரத்தை நான்கு சம துண்டாக, நான்கு கட்டமாகப் பிரித்தால், மலையின் "லை" இரண்டாவது கட்டத்தில் விழும். மாலையின் "லை" மூன்றாவது கட்டத்தில் விழும். அந்த ஒரு கட்ட விலகலைத்தான் காது "இடிக்குது" என்று சொல்கிறது. பழைய ஆசிரியர்கள் போட்ட விதி வெறும் சட்டம் இல்லை, தாளக் கணக்கு.

அளவும் ஒத்திருந்து இன்னும் மங்கலாகவே இருந்தால், முதல் எழுத்தின் உயிரைப் பாருங்கள். இலக்கணம் அதைக் கேட்பதில்லை. கரை, நுரை, திரை மூன்றும் இலக்கணப்படி நல்ல எதுகைதான். ஆனால் அவற்றில் முதல் உயிர் அ, உ, இ என்று மாறி மாறி வருகிறது. பாட்டாகப் பாடும்போது இது அழகு. ராக வளைவு அந்த வேறுபாட்டை மூடிக்கொள்ளும். ராப்பில் மெட்டு இல்லாததால் உயிரெழுத்துதான் மெட்டின் வேலையைச் செய்கிறது. ஆங்கில ராப்பில் பல அசைகளைத் தொடர்ந்து ஒத்துப்போகச் செய்து, அதை "மல்ட்டி" என்கிறார்கள். அங்கே உயிர்கள் ஒத்தால்தான் கணக்கு. நம்முடைய தலையாகு எதுகை, அதாவது முதல் எழுத்தைத் தவிர முதற்சீர் (செய்யுள் வரியின் முதல் அளவுத் துண்டு) முழுவதும் ஒன்றுவது, அதற்கு மிக அருகில் வருகிறது. கரையில், தரையில் என்று முதல் உயிரையும் ஒன்றச் செய்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

இதற்கு எடுத்துக்காட்டைத் தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கோணமாமலை மேல் பாடிய பதிகத்தின் முதற் பாட்டில் நான்கு வரிகளும் நிரைகழல், வரைகெழு, கரைகெழு, குரைகடல் என்று தொடங்குகின்றன. கோணேசர் கோயிலில் அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது எதுகை என்றே தோன்றாது, அவ்வளவு பழகிய ஒலி. இப்போது கையைத் தட்டிச் சொல்லிப் பாருங்கள். நான்கிலும் "ரை" ஒன்றுகிறது; ஆனால் நடுவில் உள்ள இரண்டும்தான் இறுக்கிப் பிடிக்கின்றன, ஏனெனில் அங்கே முதல் உயிரும் அகரமாகவே இருக்கிறது, "கெழு"வும் திரும்பி வருகிறது. முதல் வரியும் கடைசி வரியும் சற்றே தளர்ந்து, அந்த இறுக்கத்துக்குள் நுழையவும் வெளியேறவும் வழி விடுகின்றன. நான்கு வரியையும் ஒரே அளவில் இறுக்கவேண்டியதில்லை என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே உங்கள் சொற்கொத்தை உயிர்வாரியாகப் பிரித்து எழுதி வையுங்கள். கரை, வரை, தரை, நரை, அரை, மரை ஒரு பக்கம். இரை, திரை, விரை, நிரை இன்னொரு பக்கம். உரை, நுரை, துரை, குரை மற்றொரு பக்கம். இறுக்கம் வேண்டிய இரண்டு வரிகளுக்கு ஒரே பக்கத்திலிருந்து எடுங்கள். தளர்வு வேண்டிய இடத்தில் பக்கம் மாறுங்கள்.

அறிகுறி: தாளில் பொருந்துகிறது, வாயில் பொருந்தவில்லை. அல்லது நேர்மாறாக

இது நம் ஊரில் கொஞ்சம் அதிகமாகவே வரும் பிழை. காரணம், நாம் எழுதும் தமிழ் ஒன்று, பேசும் தமிழ் ஒன்று, கேட்டு வளர்ந்த பாட்டுத் தமிழ் இன்னொன்று. "நின்று" என்பதையும் "வண்டு" என்பதையும் தாளில் பார்த்தால் எதுகை இல்லை. ஆனால் நாம் "நிண்டு" என்றுதான் சொல்கிறோம். என்று, ஒன்று, கன்று எல்லாம் நம் வாயில் எண்டு, ஒண்டு, கண்டு. ஆகவே பேச்சுத் தமிழில் எழுதும்போது நிண்டு, கண்டு, எண்டு, செண்டு, வண்டு எல்லாம் ஒரே கொத்து. இந்தக் கொத்து சென்னைக்காரருக்குக் கிடைக்காது. அவர் "ஒண்ணு" என்பார், "நின்னு" என்பார். நமக்கு இருக்கும் சொத்து இது, எடுத்துச் செலவழியுங்கள்.

மறுபக்கம் இருக்கிறது பொறி. தமிழகப் பாட்டுகளில் காற்று என்பது "காத்து" என்று பாடப்படும். அது பார்த்து என்பதன் பேச்சு வடிவமான "பாத்து"வோடு அழகாக ஒத்துப்போகும். அதைக் கேட்டுப் பழகிய தம்பி ஒருவர் தன் வரியிலும் காற்றையும் பாத்துவையும் சேர்த்திருந்தார். எழுதும்போது அவர் காதில் ஒலித்தது திரைப்பாட்டுக் குரல். பாடும்போது வந்தது சொந்தக் குரல். நம் பக்கத்தில் ற்ற என்ற ஒலிக்கு நாக்கு மேற்பல்லின் ஈறுக்குப் பின்னால் தட்டும், த்த ஆகாது. (அதனால்தான் நம் பெரியவர்கள் இன்ரநெற், கிரிக்கெற் என்று றகரத்தை வைத்து எழுதுகிறார்கள், நானும் இங்கே பீற் என்றே எழுதுகிறேன்.) ஆகவே காற்றுக்கு நம் வாயில் துணை நேற்று, ஆற்று, கீற்று, ஊற்று.

கன்னியாவில் ஊற்று, அதுவும் சுடும்;
கச்சான் வந்தால் காற்று, அதுவும் சுடும்.

ஊற்று, காற்று இரண்டிலும் முதல் எழுத்து நெடில், இரண்டாம் எழுத்து ற். கன்னியா, கச்சான், காற்று மூன்றிலும் ககர மோனை. கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகளில் குளித்தவருக்கும், கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும் மாதங்களில் நிலாவெளி வீதியில் சைக்கிள் ஓடியவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

ழகரத்திலும் இதே சோதனையைச் செய்யுங்கள். நம் பேச்சில் ழ பெரும்பாலும் ள போலவே ஒலிப்பதால் வாழை, காளை இரண்டும் காதில் சேர்ந்துவிடும். எழுத்துத் தமிழில் சுத்தமாக உச்சரித்துப் பாடுபவரானால் சேராது. எந்த உச்சரிப்பில் பாடப்போகிறீர்கள் என்பதை முதல் வரியிலேயே தீர்மானித்துவிட்டு, கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். நடுவில் மாறினால் எதுகை மட்டும் அல்ல, பாடுபவரே வேறொருவராகிவிடுவார்.

அறிகுறி: சொற்கள் நன்றாக ஒத்திருக்கின்றன, ஆனால் தாளம் அவற்றை விழுங்கிவிடுகிறது

நான் பார்த்த பிழைகளில் பாதிக்கு மேல் இதுதான். ஆகவே இங்கே சற்று நின்று பார்ப்போம்.

பழைய யாப்பில் நான்கு சீர் கொண்ட வரிக்கு அளவடி என்று பெயர். அந்த நான்கு சீரில் எதுகையோ மோனையோ எந்தெந்தச் சீரில் விழுகிறது என்பதற்கு ஏழு பெயர் உண்டு. முதலிரு சீரில் வந்தால் இணை. ஒன்றிலும் மூன்றிலும் வந்தால் பொழிப்பு. ஒன்றிலும் நான்கிலும் வந்தால் ஒரூஉ. முதல் மூன்றிலும் வந்தால் கூழை. இரண்டாம் சீரை மட்டும் விட்டால் மேற்கதுவாய். மூன்றாம் சீரை மட்டும் விட்டால் கீழ்க்கதுவாய். நான்கிலும் வந்தால் முற்று. (இயைபுக்கு மட்டும் கடைசிச் சீரிலிருந்து பின்னோக்கி எண்ணவேண்டும்.) பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்துபோன பட்டியல் இது. ராப் பீற்றின் ஒரு பார் என்பதும் நான்கு தட்டுத்தான். சீர் ஒன்றுக்கு ஒரு தட்டு என்று வைத்தால், இந்தப் பட்டியல் அப்படியே எதுகை எந்தத் தட்டில் விழுகிறது என்பதற்கான வரைபடமாக மாறிவிடுகிறது.

பெரும்பாலான ராப் பீற்றுகளில் ஒன்றாம் தட்டில் கிக், அதாவது தடித்த "டும்". இரண்டிலும் நான்கிலும் ஸ்நேர், அதாவது வெடிக்கும் "டக்". காது இயல்பாகவே ஸ்நேருக்குக் காத்திருக்கும். ஆகவே ஸ்நேரில் விழும் எதுகை இரண்டு மடங்காகக் கேட்கும். பொழிப்பு எதுகை ஒன்றிலும் மூன்றிலும் விழுவதால் ஸ்நேரைத் தவறவிடுகிறது. செய்யுளில் அதைவிட இனிமையான ஒன்று இல்லை என்றாலும், பீற்றின் மேல் அது தாழ்ந்து கேட்கும். ஒரூஉ நான்காம் தட்டைப் பிடிக்கிறது. கீழ்க்கதுவாய் இரண்டையும் நான்கையும் பிடிப்பதோடு தொடக்கத்தையும் பிடிக்கிறது. ராப்புக்கு அளந்து தைத்த சட்டை அது.

கரையில் / நுரையும் / வலையில் / இரையும்

கரை, நுரை, இரை என்று ஒன்றிலும் இரண்டிலும் நான்கிலும் "ரை" விழுகிறது. மூன்றாம் இடத்தில் "லை" வந்து சற்றே விலகுகிறது. லகரமும் ரகரமும் இடையினம் என்பதால் முழுவதாக விலகவும் இல்லை. அந்தச் சிறு விலகல்தான் நான்காம் தட்டு திரும்பி வருவதை உணரவைக்கிறது. நான்கையும் ஒன்றவைத்து "கடலில் உடலில் குடலில் திடலில்" என்று முற்று எதுகை போட்டால் எதுகை மட்டும்தான் மிஞ்சும். முற்று என்பது வெடி. ஒரு வெர்ஸுக்கு, அதாவது ராப்பின் ஒரு பகுதிக்கு, ஒன்று போதும்.

இனிப் பிழை எப்படி நுழைகிறது என்று பாருங்கள். மேலே உள்ள வரியின் முன்னால், பேச்சு வழக்கில் ஒரு "அந்த" சேர்த்துவிடுகிறீர்கள்: "அந்தக் கரையில் நுரையும் வலையில் இரையும்." அந்தச் சொல் ஒன்றாம் தட்டை எடுத்துக்கொள்கிறது. கரை இரண்டுக்குப் போகிறது, நுரை மூன்றுக்கு, வலை நான்காம் தட்டின் ஸ்நேரில் வந்து உட்காருகிறது, இரையோ அடுத்த பாருக்குள் வழிந்துவிடுகிறது. ஒரு சொல்லும் தவறு இல்லை; எல்லாம் ஒரு தட்டுத் தள்ளிப்போனதுதான் தவறு. எழுதியவருக்கு இது தெரியாது, ஏனெனில் தாளில் எதுகை அப்படியே பத்திரமாக இருக்கிறது.

யாப்பில் இப்படி அளவுக்கு வெளியே வரியின் முன்னால் தனித்து நிற்கும் சொல்லுக்குக் கூன் என்று பெயர். கூனை ஒன்றாம் தட்டில் வைக்கக்கூடாது. முந்தைய பாரின் வாலில் கிடைக்கும் இடைவெளியில் சொல்லிவிட்டு, ஒன்றாம் தட்டுக்குக் "கரை" வந்து விழவேண்டும். கர்நாடக இசையில் தாளத்துக்கு முன்னரே பாட்டை எடுப்பதை அதீத எடுப்பு என்பார்கள், அதேதான். ஆனால் இடைவெளியை அளந்து பாருங்கள். முந்தைய வரியின் கடைசிச் சொல் நான்காம் தட்டின் பாதியில் முடிந்தால் மிஞ்சுவது இரண்டு கட்டம்தான். "அட", "ஒரு", "இது" போன்ற இரண்டு குறில் மட்டும் அதற்குள் போகும். "அந்த" போகாது. போகாத சொல்லை வெட்டுங்கள். பெரும்பாலும் அது வெட்டப்படவேண்டிய சொல்லாகவே இருக்கும்.

வேண்டுமென்றே தட்டுக்குப் பின்னால் தள்ளி எடுப்பவர்களும் உண்டு. இசைக்காரர் அதை அநாகதம் என்பார்கள். அது பிழை இல்லை. ஒரு வரியில் எத்தனை கட்டம் தள்ளினீர்களோ, அதோடு எதுகையால் சேரும் அடுத்த வரியிலும் அத்தனை கட்டமே தள்ளியிருக்கிறீர்களா என்பதை மட்டும் பாருங்கள். இரண்டும் ஒரே அளவில் தள்ளியிருந்தால் கேட்பவர் அதைப் பாணி என்பார். ஒன்று மட்டும் தள்ளியிருந்தால் பிழை என்பார்.

அறிகுறி: வரி முடியுமுன் மூச்சு முடிகிறது

நிமிடத்துக்கு 90 தட்டு ஓடும் பீற்றில் ஒரு பார் ஏறக்குறைய 2.7 விநாடி. அதில் 16 கட்டம். மாத்திரைக் கணக்கைச் சற்று முரட்டுத்தனமாக்கி இப்படி வையுங்கள்: தனிக்குறிலுக்கு ஒரு கட்டம், நெடிலுக்கு இரண்டு, மெய்யோடு சேர்ந்த குறிலுக்கும் இரண்டு, சொல்லின் நடுவிலும் இறுதியிலும் வரும் ஐகாரம் குறுகும் என்பதால் அதற்கு ஒன்று. "கரையில்" என்றால் 1, 1, 2; மொத்தம் 4. அதனால்தான் மேலே சொன்ன வரி 16 கட்டத்தில் அச்சொட்டாகப் பொருந்தியது.

ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். "திருகோணமலை" என்பதற்கு 7 கட்டம் தேவை. ஒரு தட்டுக்குள் அடங்காது, இரண்டு தட்டை நிரப்பவும் ஒரு கட்டம் குறைகிறது. "திருமலை" என்று சுருக்கினால் நான்கு எழுத்து, நான்கு கட்டம், ஒரு தட்டு. கூடவே தெரு, பெருமழை, வரும், ஒருமுறை என்று ஒரு கொத்து எதுகை இலவசமாகக் கிடைக்கிறது. அதுபோலவே "போய்க்கொண்டிருக்கிறேன்" 10 கட்டத்தைத் தின்னும். "போறன்" நான்கில் முடியும். பேச்சுத் தமிழில் எழுதுவதை உணர்வு சார்ந்த முடிவாக மட்டும் பலர் நினைக்கிறார்கள். இடத்தைப் பொறுத்த முடிவும்தான் அது.

வரி 16ஐத் தாண்டினால் வேகமாகச் சொல்லிச் சமாளிக்காதீர்கள். வேகமாகச் சொல்லும்போது முதலில் செத்துப்போவது நெடில். நெடில் குறிலாகிவிட்டால் எதுகையின் அளவும் போய்விடும். ஒவ்வொரு நான்காவது வரியின் இறுதியிலும் இரண்டு கட்டம் வெறுமையாக விடுங்கள், மூச்சுக்கு.

அறிகுறி: எதுகை பிரமாதம், வரிக்குப் பொருள் இல்லை

எட்டு வரியில் "ரை"யை இழுத்துக்கொண்டு போன தம்பி ஒருவர், ஏழாம் வரியில் மதுரையில் போய் நின்றார். "மதுரைக்குப் போயிருக்கிறீரா?" என்று கேட்டேன். இல்லையாம். வெர்ஸ் முழுவதும் தன் அப்பாவின் தோணியைப் பற்றியது. இதில் இரட்டைப் பிழை: மதுரையில் "ரை" மூன்றாம் எழுத்து, ஆகவே அது கரை, நுரையோடு இலக்கணப்படி எதுகையும் இல்லை, வால் மட்டும் ஒத்த இயைபு. பொருளையும் விற்று, வாங்கவந்த எதுகையையும் வாங்காமல் திரும்பியிருக்கிறார்.

இதற்கு வழி, எதுகையைத் தேடுமுன் பொருளின் சொற்களைச் சேர்த்துக்கொள்வது. சொல்லவந்ததைச் சேர்ந்த இருபது சொல்லையாவது முதலில் தாளில் கொட்டுங்கள். பிறகு அவற்றுக்குள்ளேயே எவை ஒன்றுகின்றன என்று தேடுங்கள். கிண்ணியாவைப் பற்றி எழுதும்போது, 2009இல் பாலம் திறக்குமுன் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இறக்கிய "பாதை" என்ற படகு நினைவுக்கு வரும். பாதைக்கு எதுகை தேடினால் கோதை, சீதை, போதை, மேதை, வாதை என்று வரிசையாக வந்து நிற்கும். அதில் வாதை ஒன்றுதான் அந்தக் கதைக்கு உரியது, மழைநாளில் நோயாளியோடு கரையில் காத்துநின்றவருக்கு அது தெரியும். மற்ற நான்கையும் திருப்பி அனுப்பிவிடுங்கள். இரண்டு வரிக்குத் தாங்கும் எதுகை இரண்டு வரிக்கே போதும். மூன்றாம் வரியில் கொத்தை மாற்றுவது தோல்வி இல்லை. சீட்டுக்கட்டு முடிந்தபின்னும் சீட்டுப் போடுவதுதான் அசிங்கம்.

அறிகுறி: மோனை போட்டும் கேட்கவில்லை

மோனையில் இன எழுத்துகள் ஒன்றுக்கொன்று துணை: சகரத்துக்குத் தகரம், மகரத்துக்கு வகரம், ஞகரத்துக்கு நகரம். செய்யுளுக்கு இது செல்லும். இன்றைய உச்சரிப்பில் சகரம் பெரும்பாலும் உரசி ஒலிப்பதால் தகரத்தோடு அது சேர்ந்ததாக இளைஞர் காது ஏற்பதில்லை. மகரமும் வகரமும் ஓரளவு சேரும். ராப்பில் அதே எழுத்தையே திரும்பப் போடுங்கள்.

அறிகுறி: கோரஸ் யாருக்கும் நினைவில் நிற்கவில்லை

வெர்ஸில் காட்டிய வித்தையைக் கோரஸிலும் காட்டியிருப்பீர்கள். முதற் பகுதியில் நான் மலிவு என்று சொன்ன இயைபு இங்கேதான் விலை போகும்: வால் ஒரே மாதிரி இருந்தால் கூட்டம் அடுத்த வரியை ஊகித்து, கூடவே பாடிவிடும். கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டைக் கேட்டிருப்பீர்கள். ஒருவர் வரியை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஒரே சொல்லை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சொல்லி இழுக்கிறார்கள். எடுத்துக் கொடுப்பவர் வரி மாறும். திருப்பிச் சொல்வது மாறாது, ஏனெனில் அது மாறினால் இழுப்பும் குலையும். கோரஸில் அந்த மாறாத சொல்லை நான்காம் தட்டில் வையுங்கள், நெடிலில் முடியச் செய்யுங்கள், மற்ற அலங்காரத்தை எல்லாம் எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: நேரில் நன்றாக இருக்கிறது, பதிவில் எதுகை காணாமல் போகிறது

எல்லாம் சரியாகி, ஒலிப்பதிவில் மட்டும் மங்கினால் ஒலியின் குணத்தைப் பாருங்கள். ட்ட, க்க, ற்ற, ப்ப போன்ற வல்லின இரட்டிப்புகள் ஸ்நேரின் மேலேயே வெட்டிக்கொண்டு வரும். ம்ம, ன்ன, ல்ல போன்றவை ஸ்நேரின் கீழ் கரைந்துவிடும். மென்மையான எதுகை இருக்கும் வரிகளில் பீற்றை ஒரு தட்டுக்கு நிறுத்தச் சொல்லலாம். அல்லது எதுகைச் சொற்களை மட்டும் இரண்டாம் முறை தனியே பதிந்து, முதற்குரலின் மேல் சன்னமாகப் போடலாம். முழு வரியையும் இரட்டிக்காதீர்கள். எல்லாம் பெரிதானால் எதுவும் பெரிதாகக் கேட்காது. டச்சு வளைகுடாக் கரையில் தொலைபேசியில் பதிந்த மாதிரியை வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். அங்கே காற்று சொற்களைத் தின்றுவிடும்.

பதிந்ததைத் தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, அதைக் குசினியில் வைத்துவிட்டு, அடுத்த அறையில் வரிகளைக் கேட்டிராத ஒருவரை உட்காரவைத்து, காதில் விழுந்த சொற்களை மட்டும் எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதிய சொற்களையும் நீங்கள் தாளில் கோடிட்ட எதுகைச் சொற்களையும் ஒப்பிட்டு, எந்த வரியில் இரண்டும் பொருந்தவில்லையோ அந்த வரியை மட்டும் மீண்டும் பதியுங்கள்.